மூன்று தண்டில் 5.2, நான்கு தண்டில் 2.6: ஒரே ஜிங்க் ஆக்சைடா, இரண்டு பொருளா?

2023 ஜூன் 12, மாலை 6.15 (கேள்வி கேட்டவர்)

ஜிங்க் ஆக்சைடு வளர்த்தேன்: நீரில் ஜிங்க் நைட்ரேட், ஹெக்சமின், 90 டிகிரி, ஆறு மணி நேரம். நானோதண்டுகள் நன்றாக வந்தன. எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ்-கதிர் சிதறல் அளவீடு) சுத்தமான வுர்ட்சைட் (ஜிங்க் ஆக்சைடின் வழக்கமான படிக அமைப்பு), வேறு பீக் இல்லை. டிஇஎம்மில் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) ஏழு தண்டுகள் பார்த்தேன். மூன்றில் நீளவாக்கில் 5.2 ஆங்ஸ்ட்ராம் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்) இடைவெளியில் அணு வரிகள், டிஃப்ராக்‌ஷனிலும் (சிதறிய எலக்ட்ரான்கள் போடும் புள்ளிப் படம்) அதே 5.2-க்குப் புள்ளி. மற்ற நான்கில் 2.6 மட்டும்தான். 5.2 உண்மை என்றால் எக்ஸ்ஆர்டி-யில் 17 டிகிரி பக்கம் பீக் வர வேண்டும், அங்கே வெறும் தரைதான் இருக்கிறது. ஆக்சிஜன் காலியிடங்கள் வரிசைப்பட்டு உருவான சூப்பர்லாட்டிஸ் (சாதாரண அடுக்கைவிடப் பெரிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு) என்று எழுதச் சொல்கிறார் என் கைடு. எழுதலாமா?

ஜூன் 12, இரவு 9.50 (பதில் எழுதுபவர்; பெயர் போடாத மற்ற பதிவுகளும் இவருடையவை)

இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில் கேமரா நீளம் (புள்ளிப் படத்தின் அளவுகோல்) சரியா என்று பாருங்கள். தங்கப் படலம் வைத்து (111) வளையம் 2.355-ல் விழுகிறதா? மாதிரியின் உயரத்தைச் சரிசெய்யாமல் எடுத்தால் மூன்று நான்கு சதவீதம் தாராளமாக நகரும்.

ஜூன் 12, இரவு 11.20

மேலே எழுதியது அவசரத்தில் எழுதியது, விட்டுவிடுங்கள். கேமரா நீளம் தப்பாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நகரும், புதிதாக ஒரு புள்ளி முளைக்காது. உங்கள் 5.2 என்பது 2.6-இன் சரியான இரட்டிப்பு. இரண்டும் ஒரே படத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றன. ஜிங்க் ஆக்சைடு படிக அலகின் சி நீளமே (தண்டின் நீளவாக்கில் உள்ள அளவு) 5.207 ஆங்ஸ்ட்ராம். ஆக, அது (0001) புள்ளி. (அடைப்புக்குறி எண்கள் படிகத் தளங்களின் பெயர்கள்: (0001) என்றால் முழு சி நீளம், (0002) என்றால் அதில் பாதி.) வேறு பொருளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

அப்படியானால் எக்ஸ்ஆர்டி-யில் ஏன் இல்லை? வுர்ட்சைட்டில் சி அச்சு வழியே மேலே ஏறிப் போனால், பாதி உயரத்தில் இன்னொரு ஜிங்க் தளம் வருகிறது. அந்தத் தளம் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். (0001) பிரதிபலிப்புக்குப் பக்கவாட்டு விலகல் தெரியாது, உயரம் மட்டும்தான் தெரியும். கீழ்த் தளத்தின் அலையும் பாதி உயரத் தளத்தின் அலையும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால் (0001) இல்லை, (0002) உண்டு. சி அச்சு வழியே ஓடும் திருகு அச்சின் (சுற்றிக்கொண்டே பாதி உயரம் ஏறும் சமச்சீர்) வேலை இது. ஒற்றைப்படை எல்லாமே காணாமல் போகும்.

எக்ஸ்-கதிர் ஒரு தடவை சிதறிவிட்டு வெளியே போய்விடும். எலக்ட்ரான் அப்படியில்லை. 200 கிலோவோல்ட்டில் 60 நானோமீட்டர் தடிமனைத் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று தடவை சிதறும். முதலில் (1-100) பக்கம் திரும்பி, அங்கிருந்து (-1101) வழியே இன்னொரு தடவை திரும்பினால் மொத்தத்தில் எங்கே வந்து நிற்கும்? கூட்டிப் பாருங்கள்: (0001). நேர்வழி அடைத்திருக்கிறது, சந்துவழியே வந்து சேர்கிறது. ஆகவே உங்கள் 5.2 பொய்யான புள்ளி.

ஜூன் 13, காலை 7.05

ராத்திரி எழுதி முடித்துப் படுத்த பிறகுதான் முக்கியமான கேள்விக்கே பதில் சொல்லவில்லை என்று தோன்றியது. மூன்றில் வருகிறது, நான்கில் வரவில்லை, ஏன்?

மேஜையில் ஓர் ஆறுபட்டைப் பென்சிலை வையுங்கள். அது ஒரு பட்டையில்தான் படுக்கும். விளிம்பில் நிற்காது, நிறுத்தினாலும் உருண்டு அடுத்த பட்டைக்குப் போய்விடும். ஜிங்க் ஆக்சைடு தண்டும் ஆறுபட்டைதான், பட்டைகள் (10-10) வகைத் தளங்கள். கார்பன் படலத்தில் தட்டையாகப் படுத்த தண்டை மேலிருந்து பார்த்தால் பீம் பட்டைக்குச் செங்குத்தாக, அதாவது [10-10] திசையில் போகிறது. இந்தத் திசையில் சந்துவழியே கிடையாது. இந்தப் பார்வையில் விழும் பக்கப் புள்ளிகளிலும் ஒற்றைப்படை எல்லாம் அடைபட்டவை. எதை எதோடு கூட்டினாலும் (0001) வராது.

பென்சிலை 30 டிகிரி உருட்டுங்கள். இப்போது விளிம்பு மேலே இருக்கிறது, பீம் [11-20] திசை. சந்துவழி திறந்துவிட்டது. மேஜையில் பென்சில் இப்படி நிற்காது, ஆனால் ஓட்டைப் படல கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் வலைத் தட்டு) தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பாதி ஓட்டையில் தொங்கி, எப்படி வேண்டுமானாலும் கிடக்கும். ஏழில் மூன்று அப்படிக் கிடந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஜூன் 13, காலை 7.30

இதைச் சரிபார்க்க மறுபடி மைக்ரோஸ்கோப்புக்குப் போக வேண்டாம். எடுத்து வைத்த படங்களே போதும். 5.2 வந்த மூன்று தண்டுகளின் டிஃப்ராக்‌ஷனில், தண்டின் நீளத்துக்குக் குறுக்கே விழும் முதல் புள்ளியை அளந்து பாருங்கள். 2.81 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும். 2.6 மட்டும் வந்த நான்கில் அதே இடத்தில் 1.62 வர வேண்டும். இரண்டு பொருள் என்றால் இப்படிச் சொல்லி வைத்தாற்போல் பொருந்தாது.

ஜூன் 13, மதியம் 1.40

இன்னொரு அடையாளமும் சொல்லி வைக்கிறேன். சாதாரண உருப்பெருக்கத்திலேயே தெரியும். பட்டையில் படுத்த தண்டின் இரு ஓரங்களும் கத்தி முனை போல் மெலிந்து, உள்ளே போகப்போகத் தடித்து, நடுவில் சமமாகும். அதனால் ஓரத்துக்கு இணையாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடும், தடிமன் மாறுவதால் வருபவை அவை. அணு வரிகளும் அந்த ஓரத்தில்தான் பளிச்சென்று தெரியும். விளிம்பு மேலே இருக்கும் தண்டுக்கு ஓரமே தடிமன். சுவர் போல் சட்டென்று ஆரம்பிக்கும். பழகிவிட்டால் டிஃப்ராக்‌ஷன் போடுவதற்கு முன்பே எது எது என்று சொல்லிவிடலாம்.

பழைய கட்டுரைகளில் 5.2 வரிகளோடு ஏராளமான படங்கள் பார்க்கிறோமே என்று யாராவது கேட்கலாம். 2001-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஆக்சைடு நானோபெல்ட்கள் (நாடா போன்றவை) செய்தார்களே, அவற்றில் சி அச்சு வழியே வளரும் ஜிங்க் ஆக்சைடு பெல்ட்டுக்கு அகலமான முகம் (2-1-10). பெல்ட் அந்த முகத்தில்தான் படுக்கும். படுத்தாலே பீம் சந்துவழி திறந்த திசையில்தான் போகும். பெல்ட்டில் 5.2 சகஜம், தண்டில் 2.6 சகஜம், பொருள் ஒன்றுதான்.

ஜூன் 14, இரவு 10.10

கேட்டவர் இன்னும் பதில் போடவில்லை. அதற்குள் என் கதை ஒன்று. இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் அதுதான்.

நான் ஆராய்ச்சி செய்தது டங்ஸ்டன் ஆக்சைடு நானோகம்பியில். கம்பியின் குறுக்கே ஓடும் வரிகளின் இடைவெளி 3.78 ஆங்ஸ்ட்ராம். அட்டவணையைத் திறந்தேன். மோனோகிளினிக் டிரையாக்சைடின் (020) 3.77 என்று இருந்தது. சந்தோஷமாக எழுதிவிட்டேன். படத்தில் வெள்ளைக் கோடு போட்டு, அம்புக்குறி போட்டு, இடைவெளியும் குறித்து. என் மாதிரிப் பொடியின் நிறம் நீலம். டிரையாக்சைடு மஞ்சளாக இருக்கும். நிறம் கண் முன்னால் இருந்தும் நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, நானோ என்றால் நிறம் மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டங்ஸ்டன் 18, ஆக்சிஜன் 49 கொண்ட ஆக்சைடு ஒன்று இருக்கிறது. நீல நிறம். கம்பியாக வளரும்போது [010] திசையில் வளரும். அதன் (010) இடைவெளி 3.78. இரண்டிலுமே டங்ஸ்டன் எட்டுமுகிகள் முனை முனையாகக் கோத்து அடுக்கப்பட்ட திசை அது, அதனால்தான் ஒரே எண். எந்த டங்ஸ்டன் ஆக்சைடு என்பதை அந்த இடைவெளி சொல்லவே சொல்லாது. வித்தியாசம் எல்லாம் குறுக்குத் திசையில் இருக்கிறது, அங்கே டிஃப்ராக்‌ஷன் புள்ளிகள் நீண்டு கீற்றுகளாகி இருந்தன. அந்தக் கீற்றுகளைப் படம் சரியில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கட்டமைப்பைப் பற்றி அந்தப் படத்தில் இருந்த ஒரே செய்தி அதுதான்.

ஆய்வேட்டைப் பார்த்த ஒருவர் ஓரத்தில் பென்சிலால் 'நிறம்?' என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுதினேன்.

ஜூன் 14, இரவு 10.45

அந்தக் கதையிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்: ஒரே ஓர் இடைவெளியை வைத்து ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதில்லை. இரண்டு இடைவெளியும் அவற்றுக்கு நடுவே உள்ள கோணமும் வேண்டும். இடைவெளி பொருந்துவது சுலபம், கோணமும் சேர்ந்து பொருந்துவது கஷ்டம்.

என்னை விடப் பெரியவர்களும் இதே குழப்பத்தில் நின்றிருக்கிறார்கள். 1998-ல் ஜப்பானில் கசுகா குழு டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) பொடியை அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்து நானோகுழாய்கள் செய்தது. அனடேஸ் (டைட்டானியாவின் ஒரு படிக வகை) குழாய்கள் என்று கொள்ளப்பட்டன. அப்புறம் 2001, 2002 வாக்கில் பெய்ஜிங்கில் டிஃப்ராக்‌ஷனை நுணுக்கமாகப் பார்த்தவர்கள், இது அனடேஸ் அல்ல, தாள் சுருட்டியது போன்ற அடுக்கு டைட்டனேட் என்றார்கள். 10 டிகிரி பக்கம் வரும் அகலமான பீக் அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சொல்கிறது. அனடேஸுக்கு அந்த இடத்தில் பீக்கே கிடையாது.

ஜூன் 15, மாலை 5.30 (கேள்வி கேட்டவர்)

அளந்தேன். 5.2 வந்த மூன்றிலும் குறுக்கே 2.8. மற்ற நான்கில் மூன்றுக்கு 1.62. ஏழாவது தண்டில் குறுக்கே புள்ளியே இல்லை, நீளவாக்கில் 2.6, 1.3 என்று ஒற்றை வரிசை மட்டும். இன்னொன்று, இன்று கொஞ்ச நேரம் மெஷின் கிடைத்தது, ஒரு 5.2 தண்டை டில்ட் செய்து பார்த்தேன். 5.2 மங்கியது, ஆனால் 2.6-உம் சேர்ந்தே மங்கிவிட்டது. எங்களிடம் ஒற்றை டில்ட் ஹோல்டர்தான்.

ஜூன் 15, மாலை 6.20

2.8, 1.62. இதுவே போதும். ஆனால் டில்ட் விஷயத்தை அப்படியே விட மனசு வரவில்லை.

நீங்கள் எடுத்த தண்டு ஹோல்டருக்குக் குறுக்கே கிடந்திருக்கும். அதை டில்ட் செய்தால் தண்டின் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே என்று ஏற்றப்பலகை மாதிரி ஆடும். சி வரிசை முழுவதுமே சிதறலுக்கான கோண நிபந்தனையை விட்டு விலகும், எல்லாம் சேர்ந்துதான் மங்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தண்டு தன் நீள அச்சிலேயே உருள வேண்டும், பென்சில் உருள்வது போல. ஒற்றை டில்ட் ஹோல்டரிலும் இது முடியும்: ஹோல்டரின் நீளத்துக்கு இணையாகக் கிடக்கும் தண்டைத் தேடிப் பிடியுங்கள். கிரிட்டில் ஆயிரக்கணக்கில் கிடக்கும், ஒன்று கிடைக்காமல் போகாது. அதை டில்ட் செய்தால் உருளும். 2.6 இருந்த இடத்தில் இருக்கும், பக்கப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையும், 5.2-உம் அவற்றோடு அணைய வேண்டும்.

ஜூன் 15, இரவு 11.50

இரண்டு திருத்தம்.

ஒன்று. 12-ஆம் தேதி இரவும் மறுநாள் காலையும் எழுதியதைப் படித்தால், பீம் சரியாக [11-20]-இல் நின்றால் 5.2 பளிச்சென்று வரும் என்று தோன்றும். கணக்கில் அப்படி இல்லை. மிகச் சரியாக நின்றால், இடது சந்துவழியாக வருவதும் வலது சந்துவழியாக வருவதும் எதிரெதிராக வந்து அங்கேயும் அழிந்துவிடும். குவிந்த பீமில் எடுத்தால் புள்ளிகள் வட்டுகளாக விரியும், (0001) வட்டின் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும். 1965-ல் யோன்னஸ், மூடி இருவரும் விளக்கியது. நடைமுறையில் பீம் கொஞ்சம் விரிந்திருக்கும், தண்டு கொஞ்சம் வளைந்திருக்கும், அரை டிகிரி விலகல் எப்போதும் இருக்கும். அதனால் புள்ளி வந்துவிடுகிறது. உங்கள் மூன்று தண்டுகளில் 5.2-இன் பிரகாசம் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் காரணம் இதுதான்.

இரண்டு. 'பொய்யான புள்ளி' என்று எழுதினேன், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். [11-20]-இல் பார்க்கும்போது ஜிங்க் தளங்கள் இடம், வலம், இடம், வலம் என்று வளைந்து வளைந்து ஏறும். அந்த வளைவு ஒரு முறை முழுமையாக 5.2 ஆங்ஸ்ட்ராம் ஆகிறது. அது உண்மையான அமைப்பு. [10-10]-இல் பார்த்தால் இடமும் வலமும் ஒன்றன் பின் ஒன்று மறைந்துவிடும், 2.6-க்கு ஒரு முறை அதே காட்சி. ஆக, படத்தில் 5.2 தெரிவது பொய்யில்லை. அதைக் காலியிட வரிசை என்று படிப்பதுதான் தப்பு. புள்ளி வந்த வழி வேறு, அமைப்பு வேறு. இரண்டையும் நானே ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன்.

ஜூன் 17, காலை 8.15

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது, பொதுவிலேயே பதில் சொல்கிறேன். எக்ஸ்ஆர்டி-யில் (002) பீக்கின் (மேலே (0002) என்று எழுதியதேதான்) அகலம் 0.2 டிகிரி, பீக் அகலத்திலிருந்து படிக அளவு தரும் ஷெரர் சூத்திரத்தில் போட்டால் 42 நானோமீட்டர் வருகிறது, டிஇஎம்மில் விட்டம் 60, இரண்டும் கிட்டத்தட்ட பொருந்துகிறது என்று எழுதலாமா என்கிறார்.

எழுதக் கூடாது. (002) அளப்பது சி அச்சு வழியே உள்ள அளவை, அதாவது நீளத்தை. தண்டின் நீளம் ஒரு மைக்ரான் என்றால் அந்தப் பீக்கின் அகலம் 0.01 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். எந்தக் கல்லூரி மெஷினாலும் அதை அளக்க முடியாது. நீங்கள் பார்க்கும் 0.2-இல் பெரும்பகுதி மெஷினின் சொந்த அகலமாக இருக்கலாம், மீதி திரிபோ அடுக்குப் பிழையோ. லாந்தனம் ஹெக்ஸாபோரைடு என்ற தரமாதிரியை ஓட்டி மெஷின் அகலத்தைக் கழித்தீர்களா? விட்டம் வேண்டும் என்றால் (100) பீக்கை, அதாவது (10-10)-ஐப் பாருங்கள், 31.77 டிகிரியில் இருக்கும். நீளத்தை விட்டத்தோடு ஒப்பிட்டுப் 'பொருந்துகிறது' என்று எழுதிய கட்டுரைகளை நானே பத்துக்கு மேல் பார்த்துவிட்டேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 17, காலை 8.40

அதே நபர்: கண்ணாடியில் செங்குத்தாக வளர்த்த தண்டுகளில் 34.4 டிகிரி பீக் மட்டும்தான் வருகிறது, அதனால் வேறு பொருள் கலப்பில்லை என்கிறார். எல்லாத் தண்டும் நிமிர்ந்து நிற்பதால் மெஷின் சி அச்சை மட்டும் பார்க்கிறது. அதிலிருந்து தண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன என்றுதான் எழுத முடியும். கலப்பு பற்றிப் பேச வேண்டும் என்றால் பிளேடால் சுரண்டி, அரைத்து, பொடியாக ஓட்டுங்கள்.

ஜூன் 18, இரவு 9.30

காலியிடம் என்று பேச்சு வந்ததால் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிரால் எலக்ட்ரானை வெளியேற்றி அதன் ஆற்றலை அளக்கும் முறை) பற்றி ஒரு வார்த்தை. கைடு அடுத்து அங்கேதான் அனுப்புவார். ஆக்சிஜன் 1எஸ் பீக்கை இரண்டாகப் பிரித்து, 530 எலக்ட்ரான்வோல்ட் பக்கம் லாட்டிஸ் (படிகத்துக்குள் உள்ள) ஆக்சிஜன், 531.5 பக்கம் காலியிடம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் எப்படி வெளியே வரும்? அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வரும், கார்பனேட் வரும். நீரில் 90 டிகிரியில் வளர்த்த தண்டின் மேல்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில்தான். வேண்டுமானால் இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் எக்ஸாஃப்ஸ் (ஓர் அணுவைச் சுற்றி எத்தனை அணுக்கள், எவ்வளவு தூரத்தில் என்று அளக்கும் எக்ஸ்-கதிர் முறை) எடுக்கலாம். ஜிங்க்கைச் சுற்றி 1.98 ஆங்ஸ்ட்ராமில் நான்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும், அந்த எண் குறைகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அதிலும் எண்ணிக்கையின் பிழை வரம்பு பத்து சதவீதம் வரை போகும், ஒரு சதவீதக் காலியிடத்தை அது பிடிக்காது. உங்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து, ஏனென்றால் காலியிடம் என்ற கதையே 5.2-ஐ விளக்கத்தான் பிறந்தது.

ஜூன் 20, மாலை 4.50 (கேள்வி கேட்டவர்)

இணையாகக் கிடந்த தண்டு கிடைத்தது. உருட்டினேன். எட்டு டிகிரியில் பக்கப் புள்ளிகள் போயின, 5.2 போனது, 2.6 அப்படியே நின்றது. திரும்ப உருட்டினால் 5.2 திரும்ப வந்தது. கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்து மேஜையில் உருட்டினார்.

ஜூன் 20, இரவு 8.00

ரொம்ப சந்தோஷம். அடுத்து அந்த ஏழாவது தண்டு. இரண்டு நாளாக அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குறுக்கே புள்ளி இல்லை, ஒற்றை வரிசை மட்டும், 5.2 இல்லை என்றீர்கள். அது பட்டையிலும் படுக்கவில்லை, விளிம்பிலும் நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கோணத்தில் சாய்ந்து கிடக்கிறது. பக்கப் புள்ளிகள் இல்லை, அதனால் சந்துவழி இல்லை, அதனால் 5.2 இல்லை. நீங்கள் இன்று எட்டு டிகிரி உருட்டிச் செய்த சோதனையை அது தானாகவே செய்து காட்டிவிட்டது, முதல் நாளே, உங்கள் கோப்பில். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், இங்கே ஏழையும் பார்த்ததால்தான் பிழைத்தோம். ஒரு தண்டோடு நிறுத்தியிருந்தால் சூப்பர்லாட்டிஸ் அச்சேறியிருக்கும். அந்தப் படத்தை ஆய்வேட்டில் கட்டாயம் சேருங்கள். அழகான படமாக இருக்காது, பரவாயில்லை.

ஜூன் 20, இரவு 8.25

தண்டின் எந்த முனை ஜிங்க், எந்த முனை ஆக்சிஜன் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள், கவனிக்காமல் விட்டுவிட்டேன். சாதாரண டிஃப்ராக்‌ஷனில் முடியாது. மெல்லிய இடத்தில் (0002)-உம் (000-2)-உம் ஒரே பிரகாசத்தில் இருக்கும். குவிந்த பீமில், தடிமன் தெரிந்த இடத்தில், இரு வட்டுகளின் உள்வரிகளும் வேறுபடும், கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். படத்துக்கும் டிஃப்ராக்‌ஷனுக்கும் நடுவே உங்கள் மெஷின் எத்தனை டிகிரி சுழற்றுகிறது என்பதை முதலில் அளந்து வையுங்கள். அதில் 180 டிகிரி தப்பினால் இரு முனைகளும் இடம் மாறிவிடும். இன்று உருட்டிய அதே தண்டையே எடுங்கள். கிரிட்டை டெசிக்கேட்டரில் வைத்து, அது எந்தக் கட்டத்தில் கிடந்தது என்று ஒரு படம் வரைந்து வையுங்கள்.